பெரிய பில்டரிடம் புது வீடு: சேலத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கட்டட வேலையில் இருப்பவனைக் கல்யாண வீட்டில் பார்த்தாலும் சேலத்துக்காரர்கள் வீட்டைப் பற்றித்தான் கேட்கிறார்கள். ஓமலூர் ரோடு, சீலநாயக்கன்பட்டி, அயோத்தியாப்பட்டணம், கன்னங்குறிச்சி என்று நாலா பக்கமும் வில்லாக்களும் அடுக்குமாடிகளும் எழும்புகின்றன. எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள். கேட்டவர்கள் வாயில் வந்தபடியே கேள்விகளை இங்கே வைத்திருக்கிறேன். எந்த பில்டரின் பெயரும் இதில் இல்லை, கேட்டாலும் சொல்ல மாட்டேன்.

"பெரிய கம்பெனின்னா வேலை சுத்தமா இருக்கும்தானே சார்? மேஸ்திரி வச்சுக் கட்டினாத்தானே ஏமாத்துவாங்க?"

சில விஷயங்களில் ஆமாம். மண் பரிசோதனை, கம்பி டிசைன், ரெடிமிக்ஸ் கான்கிரீட் எல்லாம் பெரிய நிறுவனத்திடம் ஒழுங்காக இருக்க வாய்ப்பு அதிகம். தனி வீட்டில் பக்கத்து வீட்டு பில்லர் சைஸையே அப்படியே போட்டுவிட்டுப் போகிற மேஸ்திரிகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் சைட்டில் கை வைப்பது யார்? கான்கிரீட் வார்க்கப் பலகை அடைக்கிற சென்ட்ரிங் ஒருவர், கம்பி ஒருவர், பூச்சு ஒருவர், டைல்ஸ் ஒருவர் என்று சதுர அடிக் கணக்கில் பிரித்துக் கொடுத்திருப்பார்கள். நூறு வீட்டுக்கும் ஒரே டைல்ஸ் குரூப் வேலை செய்யாது. தீபாவளிக்குப் பாதி ஆள் ஊருக்குப் போன வாரத்தில் கிடைத்த ஆளை வைத்து முடித்த பாத்ரூம் உங்களுக்கு வரலாம். அதனால் "அந்த பில்டர் எப்படி?" என்று கேட்டால் என்னிடம் நேரான பதில் கிடையாது. "17-ம் நம்பர் வீடு எப்படி?" என்று கேளுங்கள், பார்த்துச் சொல்லலாம்.

"மாடல் வீடு பார்த்தோம், அசத்தலா இருக்கு. நம்பலாமா?"

அறைகளின் அளவும் வெளிச்சமும் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள மாடல் வீடு போதும். தரத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. நல்ல ஆளாகப் பொறுக்கி நிதானமாகச் செய்த வேலை அது. கட்டிலைக்கூடச் சின்னதாகச் செய்து போட்டிருப்பார்கள்.

அதே நிறுவனம் நாலைந்து வருடம் முன்னால் முடித்துக் கொடுத்த கட்டடத்தைத் தேடிப் போங்கள். மழை பெய்த மறுநாள் போனால் இன்னும் நல்லது. படிக்கட்டுக்கு மேல் கூரை, லிஃப்ட் ரூம், தண்ணீர்த் தொட்டிக்கு அடியில், கார் நிறுத்தும் இடத்தின் கூரை ஆகியவற்றை அண்ணாந்து பாருங்கள். அப்புறம் அங்கே வந்து போகிற பிளம்பரிடம் பேச்சுக் கொடுங்கள். வீட்டுக்காரர்கள் விலை குறைந்துவிடும் என்று வாயைத் திறக்க மாட்டார்கள். பிளம்பருக்கு அந்தக் கவலை கிடையாது.

"ரெரா நம்பர் போர்டுல போட்டிருக்காங்களே, அப்ப தரத்துக்கு அரசாங்கமே கேரண்டிதானே?"

இல்லை. ரெரா என்பது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், 2016-ல் வந்தது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனை அல்லது 8-க்கு மேற்பட்ட குடியிருப்பு என்றால் பதிவு செய்தாக வேண்டும். வாங்குபவர்களிடம் வாங்கிய பணத்தில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் போட்டு, அந்தத் திட்டத்தின் நிலத்துக்கும் கட்டுமானத்துக்கும் மட்டுமே எடுக்க வேண்டும். ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. எல்லாம் நல்ல விதிகள்தான், ஆனால் ரெராவிலிருந்து யாரும் வந்து உங்கள் பில்லரைத் தட்டிப் பார்ப்பதில்லை.

கட்டட நிறைவுச் சான்றிதழும் அப்படியே. ஒப்புதல் வாங்கிய வரைபடத்தின்படி கட்டியிருக்கிறார்களா என்று பார்த்துத் தருவது அது. பாத்ரூம் ஒழுகுமா என்று அதில் எழுதியிருக்காது. தரத்தில் சட்டம் உதவுவது வீடு கைக்கு வந்த பிறகுதான். அதைப் பின்னால் ஒழுகுகிற வீட்டுக் கேள்வியில் சொல்கிறேன்.

"1,200 சதுர அடின்னு சொன்னாங்க. உள்ளே டேப் வச்சு அளந்தா அவ்வளவு வரலையே?"

வராது. படிக்கட்டு, லிஃப்ட், நடைபாதையில் உங்கள் பங்கையும் சேர்த்துச் சொன்ன கணக்கு அது. சட்டப்படி பார்க்க வேண்டியது கார்பெட் ஏரியா: வெளிச்சுவர், பால்கனி, திறந்த மாடி நீங்கலாக, உள்ளே இருக்கும் தடுப்புச் சுவர்களைச் சேர்த்து வரும் அளவு. ஒப்பந்தத்தில் அந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள். மீதியெல்லாம் பேச்சு.

"வீடுதானே வாங்குறோம், மண்ணை எதுக்குப் பார்க்கணும்?"

என்னைக் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியதே அதுதான். சேலத்தைச் சுற்றிப் பல இடங்களில் கொஞ்சம் தோண்டினாலே பாறை வந்துவிடும். அஸ்திவாரத்துக்கு அது வரம். தொல்லை வேறு இடத்தில்: இன்று லேஅவுட் போட்டிருக்கும் நிலமெல்லாம் நேற்று தோட்டம், தோட்டம் என்றால் கிணறு. நம் பக்கத்துக் கிணறுகள் சின்னவை அல்ல, இறங்கி நீச்சல் பழகிய கிணறுகள். அதில் கட்டட இடிபாடும் மண்ணும் கொட்டி மூடி, மேலே ரோடோ வீடோ போட்டிருப்பார்கள். ஒரு வீட்டின் பாதி பாறை மேலும் பாதி மூடிய கிணற்றின் மேலும் நின்றால், கிணற்றுப் பக்கம் வருடக்கணக்கில் மெல்ல இறங்கும். சுவர் குறுக்காகப் பிளக்கும். எத்தனை முறை பட்டி வைத்துப் பூசினாலும் அது திரும்ப வரும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. தாய்ப் பத்திரத்தை வாங்கிச் சொத்து விவரத்தைக் கடைசி வரை படியுங்கள். "கிணற்றில் பாதி பாகமும், அதில் உள்ள மின்மோட்டார் பம்புசெட்டும்" என்கிற மாதிரி ஒரு வரி இருக்கும். இருந்தால், அந்தக் கிணறு இப்போது எந்த மனைக்குக் கீழே இருக்கிறது என்று கேளுங்கள். சேல்ஸ் ஆளுக்குத் தெரியாது, பக்கத்துத் தோட்டத்துக்காரருக்குத் தெரியும். கிணற்றின் மேல் கட்டவே கூடாது என்று சொல்ல மாட்டேன். அடிவரை தோண்டியோ, ஆழத்தில் தூண் மாதிரி பைல் இறக்கியோ கட்டியிருந்தால் சரி, அந்த டிசைனைக் காட்டச் சொல்லுங்கள்.

இன்னொன்று ஓடை. சேர்வராயன் மலையில் பெய்கிற மழை கன்னங்குறிச்சி மூக்கனேரி மாதிரி ஏரிகளுக்கும் திருமணிமுத்தாறுக்கும் ஓடைகள் வழியாகத்தான் இறங்கி வர வேண்டும். வருடத்தில் பத்து மாதம் காய்ந்து கிடப்பதால் ஓடையைக் காலி இடம் என்று நினைத்துவிடுகிறார்கள். நிலத்தின் எல்லையைக் காட்டும் புலப்படத்தையும், நிலம் எந்த வகை என்று சொல்லும் அ-பதிவேட்டையும் அரசின் இணையதளத்திலேயே பார்க்கலாம். உங்கள் சர்வே எண்ணை ஒட்டி வாய்க்கால், ஓடை, ஏரிப் புறம்போக்கு என்று வந்தால் நின்று யோசியுங்கள்.

"வேலை நடக்கும்போது போய்ப் பார்த்தா நமக்கு என்ன புரியும்? நான் பேங்க்ல வேலை பாக்குறவன்."

புரியும். நாலு விஷயம் போதும். ஸ்லாப் போட்ட மறுநாள் மதியம் போங்கள், சாயங்காலம் வேண்டாம். பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியிருக்க வேண்டும். பில்லரில் சாக்குச் சுற்றி அது ஈரமாக இருக்க வேண்டும். இந்தியத் தர விதியான ஐஎஸ் 456 சாதாரண சிமென்ட்டுக்குக் குறைந்தது 7 நாள் ஈரம் என்கிறது. சாம்பல் கலந்த பிபிசி (PPC) சிமென்ட்டுக்கும், நம் ஊர் மாதிரி வறண்ட வெயிலுக்கும் 10 நாள். ஏப்ரல் மாதத்தில் சாக்கு மொறமொறவென்று காய்ந்து தொங்கினால் அங்கே யாரும் தண்ணீர் ஊற்றவில்லை என்று அர்த்தம். இதற்கு இன்ஜினியர் படிப்பு வேண்டாம்.

கம்பி கட்டியிருக்கும் நாளில் இரண்டைப் பாருங்கள். கம்பிக்கும் பலகைக்கும் நடுவில் இடைவெளி விடும் சின்னக் கட்டையான கவர் பிளாக் வைத்திருக்கிறார்களா? ஜல்லித் துண்டை முட்டுக் கொடுத்திருந்தால் அது நழுவும், கம்பி கீழே உட்காரும், சில வருடத்தில் கூரை உரிந்து துருப்பிடித்த கம்பி தெரியும். பில்லர் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்கின் முனை உள்பக்கமாக நன்றாக மடிந்திருக்கிறதா? 135 டிகிரி மடிப்பு வேண்டும். வெறுமனே எல் மாதிரி மடித்து விட்டிருப்பது சோம்பேறித்தனம்.

ரெடிமிக்ஸ் லாரி வந்தால் சீட்டில் ஏற்றிய நேரத்தைப் பாருங்கள். ஏற்றிய 2 மணி நேரத்துக்குள் இறக்க வேண்டும். ஊருக்குள் டிராஃபிக்கில் மாட்டி வந்த லாரியில், "இறுகுது, கொஞ்சம் தண்ணி விடுப்பா" என்று டியூபைச் சொருகுவார்கள் பாருங்கள், அந்த நிமிடத்தில் எம்25 என்ற தரத்துக் கான்கிரீட் வேறு ஏதோவாக ஆகிவிடும். பலகை பிரித்த பிறகு பில்லரின் அடியில் ஜல்லி மட்டும் தெரியும்படி ஓட்டை ஓட்டையாக இருந்தால் படம் எடுத்து வையுங்கள். மறுநாள் சிமென்ட் பூசி மறைத்திருப்பார்கள்.

"ஆத்து மணலே இல்லை, எம் சாண்டுதான் போடுறாங்களாம். வீடு நிக்குமா?"

நிற்கும். கருங்கல்லை உடைத்துக் கழுவிய நல்ல எம் சாண்டு கான்கிரீட்டுக்குத் தாராளமாகப் போதும்; ஐஎஸ் 383 விதியிலேயே அதற்கு இடம் உண்டு. பயப்பட வேண்டியது கிரஷர் தூளைக் கண்டு. ஒரு கைப்பிடி எடுத்துக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் கலக்கி வையுங்கள். மேலே மாவு மாதிரி தடிமனாகப் படிந்தால் அது எம் சாண்டு என்ற பெயரில் வந்த தூள். பூச்சு வேலைக்குப் பி சாண்டு தனியாக வந்திருக்கிறதா என்றும் பாருங்கள். கான்கிரீட் மணலிலேயே பூசினால் சுவர் சொரசொரவென்று இருக்கும், அதை மறைக்கப் பட்டியைத் தடிமனாக அடிப்பார்கள்.

"போர் தண்ணி வாயில வைக்க முடியலை, உப்பு. அதுலயே கான்கிரீட் போடுறாங்களே?"

நாக்கை வைத்து முடிவு செய்ய முடியாது. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் குளோரைடு, 400 மில்லிகிராம் சல்பேட் வரை ஐஎஸ் 456 அனுமதிக்கிறது. பெரிய பில்டரிடம் தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கை இருக்க வேண்டும், கேளுங்கள். இல்லையென்றால் ஒரு பாட்டில் தண்ணீரை ஆய்வகத்தில் கொடுத்தால் ஆகும் செலவு பெரிதல்ல.

அதே அறிக்கையை வைத்து இன்னொரு கேள்வியும் கேட்கலாம்: குடி வந்த பிறகு எந்தத் தண்ணீர்? மாநகராட்சிக் குழாயில் மேட்டூர்த் தண்ணீர் வரும் என்று வாயால் சொல்வதும், இணைப்பு வாங்கிய ரசீதைக் காட்டுவதும் வேறு வேறு.

"சேலம் ஸ்டீல் பிளான்ட் கம்பிதான் போடுறோம்னு சொன்னாரு…"

சேலம் உருக்காலையில் தயாராவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடும் சுருளும். வீட்டுக்குப் போடும் டிஎம்டி கம்பி அங்கிருந்து வருவதில்லை. சொன்னவருக்கு அது தெரியாமல் இருக்கலாம். ஆனால் கம்பியைப் பற்றி இப்படிச் சொன்னவர், மற்றதையும் இதே மாதிரிதான் சொல்லியிருப்பார்.

"செங்கல்லே இல்லாம முழுக்க கான்கிரீட்டுலயே சுவர் எழுப்புறாங்க. இது நல்லதா?"

அலுமினியப் பலகை அடுக்கிச் சுவரையும் ஸ்லாப்பையும் ஒரே நேரத்தில் வார்க்கிற முறை, மைவான் என்பார்கள். ஒரே மாதிரி நூறு வீடு கட்டுகிறவர்களுக்கு இது வேகம். சுவர் நேராக இருக்கும், பூச்சு வேலை குறைவு, ஒட்டு இல்லாததால் விரிசலும் குறைவு.

வாங்குகிறவர் தெரிந்துகொள்ள வேண்டியது, அந்தச் சுவரை இடிக்க முடியாது. ஏசி ஓட்டை, சுவிட்ச் இடம், சமையலறை மாற்றம் எல்லாம் வார்ப்பதற்கு முன் முடிவாக வேண்டும். மேற்குப் பார்த்த அறை சேலத்து மே மாதத்தில் ராத்திரி வரை சூட்டைக் கக்கும். அதைத் தாங்க முடியுமா என்று யோசித்து வீட்டைத் தேர்ந்தெடுங்கள்.

"முடிஞ்ச வீட்டைப் பார்க்கப் போறோம். கையில என்ன எடுத்துட்டுப் போகணும்?"

ஒரு டார்ச், பத்து ரூபாய் நாணயம், சின்ன ரசமட்டம், போன் சார்ஜர், ஒரு பக்கெட், பழைய துணி, பாலித்தீன் பை. துணைக்கு அவசரப்படாத ஒரு ஆள்.

டார்ச்சைச் சுவரோடு ஒட்டி அடித்தால் பகல் வெளிச்சத்தில் தெரியாத மேடு பள்ளமெல்லாம் நிழல் போடும். நாணயத்தின் விளிம்பால் யாரும் பார்க்காத மூலையில் பூச்சைச் சுரண்டுங்கள். மேல் பட்டி போன பிறகும் மணலாகக் கொட்டிக்கொண்டே இருந்தால் பூச்சுக்குத் தண்ணீர் ஊற்றவில்லை. அதே நாணயத்தால் டைல்ஸை நாலு மூலையிலும் தட்டுங்கள், 'டொக் டொக்' என்று காலியாகக் கேட்டால் அடியில் கலவை இல்லை. கதவைப் பாதி திறந்து விட்டுவிட்டு நில்லுங்கள். தானாக நகர்ந்தால் நிலை தூக்குக்குண்டுக்கு நிற்கவில்லை. மின்பெட்டியில், மின்கசிவு வந்தால் மின்சாரத்தை நிறுத்தும் ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் உடனே விழ வேண்டும். விழாவிட்டால் அது வெறும் அலங்காரம். ஒவ்வொரு பிளக்கிலும் சார்ஜரைச் செருகிப் பாருங்கள்.

இதெல்லாம் அரை நாள் வேலை. பாத்ரூமுக்குத்தான் நேரம் வேண்டும், ஏனென்றால் புது வீட்டில் வருகிற சண்டையில் பெரும்பாதி அங்கிருந்துதான். தண்ணீர் போகும் வாயைத் துணியும் பாலித்தீனும் வைத்து அடைத்து, இரண்டு அங்குலம் நீர் நிறுத்தி, சுவரில் பென்சிலால் கோடு போடுங்கள். ஒரு முழு நாள், முடிந்தால் இரண்டு நாள் விடுங்கள். பிறகு கீழ் வீட்டுக்குப் போய் அந்த பாத்ரூமுக்கு நேர் கீழே கூரையையும், பக்கத்து அறைச் சுவரின் அடிப்பகுதியையும் கையால் தடவிப் பாருங்கள். வெயில் காலத்தில் கோட்டிலிருந்து கொஞ்சம் இறங்குவது ஆவியானது. விரலளவு இறங்கி, கீழே ஈரமும் தெரிந்தால் சாவி வாங்காதீர்கள். "டைல்ஸ் ஒட்டியாச்சு, இனி தேவையில்லை" என்று சைட் இன்ஜினியர் தடுத்தால் கட்டாயம் செய்யுங்கள். மாடித் தளத்துக்கும் இதே சோதனைதான். மழைக்காலம் வரை காத்திருக்கத் தேவையில்லை.

"சுவர்ல விரிசல் இருக்கு. 'பெயின்ட் அடிச்சா போயிடும்'ங்கிறாங்க."

முடி மாதிரி மெல்லிய, கோணல் மாணலான விரிசல் பூச்சு காய்ந்ததால் வருவது, பெயின்டில் போய்விடும். பில்லரும் சுவரும் சேருமிடத்தில் நேர்கோடாக வந்தால் அங்கே கோழி வலை வைக்காமல் பூசியிருக்கிறார்கள். அசிங்கம்தான், ஆபத்தில்லை, வெட்டி வலை வைத்துப் பூசச் சொல்லுங்கள்.

கதவு, ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறும் விரிசலையும், அஸ்திவாரத்திலிருந்து படிப்படியாக மேலே போவதையும் பெயின்ட் அடிக்க விடாதீர்கள். இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். சில மாதத்தில் கோட்டைத் தாண்டினால் கீழே மண் நகர்கிறது; மேலே சொன்ன கிணற்றுக் கதை ஞாபகம் இருக்கட்டும். பீமிலோ பில்லரிலோ 0.3 மில்லிமீட்டருக்கு மேல் அகலமான விரிசல் இருந்தால் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். சுத்தியல் மாதிரி ஒரு கருவியைத் தட்டி வலிமை சொல்வார்கள். அந்த எண் 25 சதவீதம் வரை முன்னே பின்னே போகும். அதை மட்டும் வைத்து நல்லது கெட்டது முடிவு பண்ணக் கூடாது.

"ஏற்காட்டுல வில்லா பார்த்தோம். கீழே பார்க்கிற அதே விஷயம்தானே அங்கேயும்?"

அதுவும், அதற்கு மேலேயும். ஏற்காடு மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையமான ஹாகாவின் எல்லைக்குள் வருகிறது. ஊராட்சி அனுமதி ஒன்றை மட்டும் காட்டினால் போதாது, ஹாகா அனுமதியைக் கேளுங்கள்.

வீட்டை விட்டுவிட்டு முதலில் தடுப்புச் சுவரைப் பாருங்கள். சரிவை ஒரு பக்கம் வெட்டி, அந்த மண்ணை மறு பக்கம் நிரப்பித்தான் சமதளம் ஆக்கியிருப்பார்கள். வீடு முழுவதும் வெட்டிய பக்கம் நின்றால் நல்லது. தடுப்புச் சுவரில் தண்ணீர் வடியும் ஓட்டைகள் இருக்க வேண்டும், மழை நாளில் அவற்றில் நீர் வடிய வேண்டும். ஓட்டையே இல்லாமல் அழகாகக் கல் ஒட்டிய சுவருக்குப் பின்னால் மழைநீர் தேங்கிச் சுவரை முன்னால் தள்ளும். அப்புறம், மேல் வீட்டின் செப்டிக் டேங்க் எங்கே வடிகிறது என்று பாருங்கள். சரிவில் அது உங்கள் சமையலறைக்குப் பின்பக்கமாக இருக்கலாம். மர வேலையை மூடுபனி மாதத்தில் போய்ப் பார்த்தால்தான் கதவு சாத்துமா என்று தெரியும்.

"சாவி வாங்கினப்ப 'எல்லாம் திருப்தி'ன்னு கையெழுத்து போட்டுட்டோம். இப்ப ஒழுகுது. இனி கேட்க முடியாதா?"

கேட்கலாம். ரெரா சட்டத்தின் 14(3) பிரிவுப்படி, வீடு கைக்கு வந்த தேதியிலிருந்து 5 வருடத்துக்குள் கட்டமைப்பிலோ வேலைத்தரத்திலோ உள்ள குறையைச் சொன்னால், பில்டர் 30 நாளுக்குள் காசு வாங்காமல் சரி செய்ய வேண்டும். செய்யாவிட்டால் இழப்பீடு கேட்கலாம். "ஒரு வருஷம்தான் வாரண்டி" என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும் சட்டம்தான் மேலே நிற்கும்.

வாட்ஸ்அப்பில் "அண்ணா, ஒழுகுதுங்கண்ணா" என்று சைட் சூப்பர்வைசருக்கு அனுப்புவதை நிறுத்துங்கள். வீட்டு எண், சாவி வாங்கிய தேதி, குறை, படம் எல்லாம் வைத்து நிறுவனத்தின் முகவரிக்குப் பதிவுத் தபாலும் மின்னஞ்சலும் அனுப்புங்கள். 30 நாள் அதிலிருந்து எண்ணப்படும்.

"ஒழுகுறது மொட்டை மாடி. பில்டர் 'அசோசியேஷன்கிட்ட ஒப்படைச்சாச்சு, இனி நீங்கதான் பார்த்துக்கணும்'ங்கிறார்."

பராமரிப்புதான் சங்கத்தின் பொறுப்பு. கட்டும்போதே விட்ட குறை ஒப்படைத்ததால் சங்கத்தின் குறையாக மாறாது. இரண்டையும் பிரித்துக் காட்டத்தான் ஒரு இன்ஜினியரின் எழுத்துப்பூர்வ அறிக்கை வேண்டும்: வாட்டம் சரியில்லையா, நீர்த்தடுப்பு போடவில்லையா, அல்லது யாரோ டிஷ் ஆன்டெனாவுக்குத் தரையில் துளை போட்டார்களா. கடைசியாகச் சொன்னது என்றால் பில்டர் மேல் போக முடியாது. சங்கமே ரெராவில் புகார் கொடுக்கலாம், ஒவ்வொரு வீட்டுக்காரரும் தனித்தனியாக அலைய வேண்டியதில்லை.

"மூணு வருஷம் ஆன வீட்டை முதல் ஓனர்கிட்ட இருந்து வாங்குறோம். மீதி ரெண்டு வருஷம் எங்களுக்குக் கிடைக்குமா?"

கிடைக்கும். பிற்பாடு விலைக்கு வாங்கியவரையும் ஒதுக்கீடு பெற்றவராகவே சட்டம் எடுத்துக்கொள்கிறது. ஆனால் 5 வருடம் உங்கள் பத்திரத் தேதியிலிருந்து தொடங்காது, முதல் ஓனர் சாவி வாங்கிய நாளிலிருந்துதான். அவர் உள்ளே சுவரை இடித்திருந்தாலோ பாத்ரூமை மாற்றியிருந்தாலோ அந்தப் பகுதிக்கு பில்டர் கையை விரிப்பார், அதில் நியாயமும் உண்டு.

சாவி ஒப்படைத்த கடிதம், ஒப்புதல் பெற்ற வரைபடம், இதுவரை பில்டருக்கு எழுதிய புகார்கள் ஆகியவற்றின் நகலைப் பதிவுக்கு முன்பே வாங்கிக்கொள்ளுங்கள். பதிவு முடிந்து பணம் கைமாறிய பிறகு விற்றவர் போனை எடுக்க மாட்டார்.